வியூவில் உறுப்புகளைக் காட்டுவதும் மறைப்பதும்: வி-இஃப்பா, வி-ஷோவா?

பொத்தானை அழுத்தினால் பக்கத்தின் ஒரு பகுதி தோன்றவும், மீண்டும் அழுத்தினால் மறையவும், வலைப்பக்கங்களை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பான வியூ ஜேஎஸ், வி-இஃப், வி-ஷோ என்ற இரண்டு வழிகளைத் தருகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் எதை எழுதினாலும் சரி என்று தோன்றும்; ஆனால் பாதி நிரப்பிய படிவம் மறைந்து திரும்பும்போது வெறுமையாக நிற்பது பெரும்பாலும் இந்தத் தேர்வின் விளைவுதான்.

முதலில் ஸ்கிரிப்ட் பகுதியில், மதிப்பு மாறினால் திரையையும் புதுப்பிக்கும் ரெஃப் மூலம் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்ற மதிப்பை ஏற்கும் மாறி ஒன்றை உருவாக்கி, பொத்தானின் கிளிக் நிகழ்வில் அதைத் தலைகீழாக்குங்கள். ஸ்கிரிப்டுக்குள் அம்மாறியின் பெயருக்குப் பின் டாட் வேல்யூ சேர்க்க வேண்டும், டெம்ப்ளேட்டில் (எச்டிஎம்எல் எழுதும் பகுதியில்) தேவையில்லை. பிறகு, மறைய வேண்டிய உறுப்பில் வி-ஷோ அல்லது வி-இஃப் எழுதி, அம்மாறியை அதன் மதிப்பாகக் கொடுங்கள்.

வி-ஷோ எழுதினால் உறுப்பு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸின் டிஸ்பிளே பண்பு மட்டும் மாறும். ஆகவே உள்ளே தட்டச்சு செய்தவை அப்படியே நிற்கும். வி-இஃப் எழுதினால், நிபந்தனை பொய்யாகும்போது உறுப்பும் அதனுள் உள்ள கம்போனன்ட்டுகளும் (பக்கத்தின் தனித்தனிக் கூறுகளும்) நீக்கப்பட்டு, மெய்யாகும்போது புதிதாக உருவாக்கப்படுகின்றன. தொடக்கத்திலேயே பொய்யாக இருந்தால், முதல்முறை மெய்யாகும்வரை அவை உருவாவதே இல்லை. அடிக்கடி திறந்து மூடும் மெனுவுக்கு வி-ஷோவும், சிலர் மட்டுமே திறக்கும் கனமான வரைபடத்துக்கு வி-இஃப்பும் பொருந்தும் என்பது வழக்கமான அறிவுரை. வேகத்தைவிட, உள்ளே இருக்கும் தரவு தங்க வேண்டுமா என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. வி-இஃப்பும் வேண்டும், தரவும் தங்க வேண்டும் என்றால், மதிப்புகளை மேலுள்ள கம்போனன்ட்டில் வைத்து, உள்ளீட்டையும் மாறியையும் பிணைக்கும் வி-மாடலால் இணையுங்கள்; அல்லது மறையும் கம்போனன்ட்டை, அதன் நிலையை நினைவில் வைத்திருக்கும் கீப்-அலைவ் கொண்டு சூழுங்கள்.

நிபந்தனை பொய்யானால் வேறொன்றைக் காட்டும் வி-எல்ஸ் என்பது வி-இஃப்புக்கு மட்டுமே துணை. அதுவும் அடுத்த உறுப்பிலேயே இருக்க வேண்டும். பல உறுப்புகளைச் சேர்த்து மறைக்க டெம்ப்ளேட் குறிச்சொல்லில் வி-இஃப் எழுதலாம், வி-ஷோ அங்கே செயல்படாது. ஒரே உறுப்பில், பட்டியலைச் சுற்றிவந்து காட்டும் வி-ஃபாரும் வி-இஃப்பும் சேர்ந்து வந்தால், வியூ 3-இல் வி-இஃப் முந்திக்கொள்வதால் சுற்றின் மாறி அதற்குத் தெரியாது; வி-ஃபாரை வெளியே ஒரு டெம்ப்ளேட் குறிச்சொல்லுக்கு நகர்த்துங்கள்.

மறைப்பது பாதுகாப்பு ஆகாது. நிர்வாகிக்கு மட்டும் உரிய தகவலை வி-ஷோவால் மறைத்தால், உலாவியின் டெவலப்பர் கருவியில் எவரும் அதைப் படித்துவிடலாம். வி-இஃப்பால் நீக்கினாலும் தரவு ஜாவாஸ்கிரிப்டில் வந்து சேர்ந்திருக்கும். உரிமை இல்லாதவருக்கு அதை அனுப்பாமல் சர்வரிலேயே தடுத்துவிடுங்கள்.