பீட்சா பஞ்சாயத்து: அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் இதற்கெல்லாம் வழிகாட்ட ஆள் இருக்கிறார்கள். பீட்சா விஷயத்தை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தது சிகாகோவின் புறநகர் ஒன்றில். முதல் வாரமே பக்கத்து இருக்கைக்காரர் "உனக்கு எந்த பீட்சா பிடிக்கும்?" என்று கேட்டார். சும்மா பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்து, ஊரில் நமக்குத் தெரிந்த ஒரு சங்கிலிக் கடையின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஆம்பூர்க்காரரிடம் போய் "பாக்கெட் மசாலா போட்டாலே பிரியாணி நல்லா வருமே" என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்? அப்படிப் பார்த்தார்.

இங்கே பீட்சா என்றால் ஊர்ப் பெருமை. நீங்கள் எந்தப் பக்கமும் சேர வேண்டாம், ஆனால் எந்த ஊரில் எதை எப்படிக் கேட்பது என்று தெரிந்திருந்தால் மானமும் வயிறும் தப்பிக்கும்.

நியூயார்க்கில் இறங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, "பை" என்றால் முழு பீட்சா. இனிப்புப் பண்டம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு துண்டு போதும் என்றால் "ஸ்லைஸ்" என்று கேளுங்கள். "பிளெய்ன்" என்றாலோ "ரெகுலர்" என்றாலோ தக்காளி சாஸும் சீஸும் மட்டும்தான், இறைச்சி இருக்காது, சைவர்கள் கேட்கக்கூடியது (சீஸ் பற்றிக் கீழே ஒரு எச்சரிக்கை உண்டு). கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் துண்டை எடுத்து அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி, காகிதத் தட்டில் வைத்துத் தருவார்கள். தட்டைவிட அது பெரிதாக இருக்கும். நடுவில் மடித்து, நுனியைச் சற்றே கீழே சாய்த்தால் எண்ணெய் தட்டில் சொட்டும். அப்படியே நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். முள்கரண்டியைத் தொட வேண்டாம். 2014 ஜனவரியில், பதவியேற்ற சில நாட்களிலேயே, மேயர் டி பிளாசியோ ஸ்டேட்டன் தீவில் முள்கரண்டியும் கத்தியும் வைத்து பீட்சா சாப்பிட்டு ஊரே சிரிக்கும்படி ஆனது. மேயருக்கே அந்தக் கதி. மன்ஹாட்டனின் லொம்பார்டிஸ் (1905 என்று கணக்குச் சொல்வார்கள்) மாதிரி பழைய நிலக்கரி அடுப்புக் கடைகள் சிலவற்றில் துண்டாகக் கிடைக்காது, முழுதாகத்தான் வாங்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

சிகாகோ வேறு உலகம். 1943இல் பீட்சேரியா ஊனோ என்ற கடையில் பிறந்தது டீப் டிஷ். ஆழமான வட்டத் தட்டின் சுவர்வரை மாவை ஏற்றி, அடியில் சீஸ், அதன்மேல் காய்கறியோ இறைச்சியோ, எல்லாவற்றுக்கும் மேலே தக்காளி. ஏன் இப்படித் தலைகீழ்? இவ்வளவு கனமான பண்டம் வேக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சீஸ் மேலே இருந்தால் அதற்குள் கருகிவிடும். ஆகவே பசியோடு போய் உட்காராதீர்கள். கிளம்பும்போதே தொலைபேசியில் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். இங்கே முள்கரண்டி குற்றமில்லை, கையால் எடுத்தால்தான் சட்டை பாழ். நான் கையால் எடுத்தேன்.

நியூயார்க்காரர்கள் இதை பீட்சா என்றே ஒப்புக்கொள்வதில்லை. 2013இல் ஜான் ஸ்டூவர்ட் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார், சிகாகோக்காரர்கள் கொதித்துப் போனார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், என் அலுவலகத்துச் சிகாகோக்காரர்கள் டீப் டிஷ் சாப்பிடுவது வெளியூர் விருந்தாளி வந்தால்தான். அவர்களுடைய அன்றாட பீட்சா டேவர்ன் ஸ்டைல்: அப்பளம் போல மெல்லிசாக, மொறுமொறுவென்று, வட்டமாகச் சுட்டு சதுரம் சதுரமாக வெட்டியது. மதுக்கடைகளில் குடிக்க வந்தவர்களுக்குத் தொட்டுக்கொள்ளப் பிறந்த பண்டம். ஓரத்தில் சின்ன முக்கோணத் துண்டுகள் நாலு விழும், அதற்கு மேசையில் போட்டி நடக்கும். என் ஓட்டு அந்த முக்கோணத்துக்குத்தான். "டேவர்ன் ஸ்டைல் எங்கே நன்றாக இருக்கும்?" என்று சிகாகோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், உங்களை உள்ளூர் ஆளாகவே நினைக்க ஆரம்பிப்பார்.

யேல் பல்கலைக்கழகத்துக்கு வருபவர்கள் மூன்றாவது கட்சியில் மாட்டுவீர்கள். யேல் இருக்கும் நியூ ஹேவனில் பீட்சாவின் பெயர் "அபீட்ஸ்". "அபீட்ஸா" என்று எழுதியிருக்கும், கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். ஊஸ்டர் தெருவில் 1925இல் பெப்பே என்பவர் தொடங்கிய பெப்பேஸ், அதே தெருவில் அவருடைய சகோதரி மகன் 1938இல் தொடங்கிய சாலிஸ், கொஞ்சம் தள்ளி மாடர்ன். ஆக, ஊருக்குள்ளேயே மூன்று கோஷ்டி. பெப்பேஸிலும் சாலிஸிலும் நிலக்கரி அடுப்பு; அடி கருகக் கருகச் சுடுவார்கள். தீய்ந்துவிட்டதென்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் பக்குவம். இங்கே பழைய வழக்கப்படி "பிளெய்ன்" என்றால் மொஸரெல்லாவே இருக்காது, தக்காளியும் கொஞ்சம் துருவிய சீஸும்தான். மொஸரெல்லா வேண்டுமென்றால் "மூட்ஸ்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மீன் சாப்பிடுபவர்கள் மட்டியும் பூண்டும் போட்ட வெள்ளை பீட்சாவை விடாதீர்கள். நியூ ஹேவன் இருக்கும் கனெடிகட் மாநிலம் 2024இல் தன் எல்லை வரவேற்புப் பலகையிலேயே "அமெரிக்காவின் பீட்சா தலைநகரம் இருக்கும் இடம்" என்று எழுதி வைத்துவிட்டது. நியூயார்க் எல்லையில் அதைப் பார்த்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள்.

டெட்ராய்ட் பீட்சா செவ்வகம். 1946இல் பட்டீஸ் என்ற கடையில், கார் தொழிற்சாலைகளில் உதிரி பாகம் போட்டு வைக்கும் எஃகுத் தட்டில் சுட்டு ஆரம்பித்தது. சீஸ் தட்டின் சுவரில் ஒட்டி முறுகிவிடும், நெய் ரோஸ்ட்டின் ஓரம் மாதிரி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே பிடிப்பது இதுதான். செயின்ட் லூயிஸில் ஈஸ்டே போடாத மாவும் புரொவெல் என்ற பல்லில் ஒட்டும் சீஸும். அந்த ஊர்க்காரர்கள் உயிரை விடுவார்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை. என் அறை நண்பர் ஒருவர், சுத்த சைவம். அலுவலக விருந்தில் "பெப்பரோனி" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, பெப்பர் என்றால் மிளகோ குடைமிளகாயோ என்று இரண்டு துண்டு எடுத்துவிட்டார். இங்கே பெப்பரோனி என்பது பன்றியும் மாடும் கலந்த தொத்திறைச்சி. இத்தாலிய மொழியில் அதே சொல்லுக்கு ஒத்த ஒலியுள்ள சொல் குடைமிளகாயைத்தான் குறிக்கும் என்று பிறகு தெரிந்தது, மனுஷருக்கு அது ஆறுதலாக இல்லை. "பெப்பரோன்சினி" என்று இன்னொன்று இருக்கிறது, அது ஊறுகாய் போட்ட மிளகாய், தாராளமாகச் சாப்பிடலாம். "சாசேஜ்" பெரும்பாலும் பன்றி. மேலே தூவும் பார்மேசான் சீஸில் பாலை உறைய வைக்க கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ந்திருக்கலாம், கண்டிப்பான சைவர்கள் கேட்டு வாங்குங்கள். பாதிப் பாதி டாப்பிங் வாங்கினால் வெட்டும் கத்தி ஒன்றே என்பதையும் மறக்க வேண்டாம்.

டொரோண்டோவில் சொந்தக்காரர்கள் இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள்: அன்னாசி போட்ட ஹவாய் பீட்சா 1962இல் ஒன்டாரியோவின் சாத்தம் நகரில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய சாம் பனோபூலஸ் போட்டது. அது ஹவாயில் பிறந்ததே அல்ல.

மீந்து போனதை மைக்ரோவேவில் வைத்தால் செருப்புத் தோல் ஆகிவிடும். மெல்லிய துண்டுகளைத் தோசைக்கல்லில், எண்ணெய் விடாமல், சிறுதீயில் மூடி போட்டு மூன்று நிமிடம் வையுங்கள், அடி மொறுமொறுப்பு திரும்பி வரும். டீப் டிஷ்ஷுக்கு இது சரிப்படாது, ஓவனில்தான் வைக்க வேண்டும். மேலே கொஞ்சம் இட்லிப் பொடி தூவிக்கொண்டால் பிரமாதம். ஆனால் அதை நியூயார்க்காரர் முன்னாலும் சிகாகோக்காரர் முன்னாலும் செய்துவிடாதீர்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள்.