முப்பது விர்ச்சுவல் டெஸ்க்டாப், ஒரே மாஸ்டர்: சிஸ்பிரெப்பில் சிக்காமல் செய்வது எப்படி?

முப்பது கணினிகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய் அப்டேட் போட்டு அலுத்துப் போனவன் நான். இப்போது அந்த முப்பதும் ஒரே சர்வருக்குள் விர்ச்சுவல் கணினிகளாக, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளாக, இருக்கின்றன. மேசைமேல் இருக்கும் பழைய பெட்டிக்குத் திரையைக் காட்டுவது மட்டும்தான் வேலை. மாஸ்டர் என்ற மூலக் கணினி ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கும். எனவே உங்கள் நேரத்தில் முக்கால்வாசியை அதற்கே கொடுங்கள்.

சர்வர்

ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் கணினிகளை ஓட்டும் மென்பொருளில் நான் ப்ராக்ஸ்மாக்ஸ் கட்சி. சந்தா கட்டாமலே எல்லா வசதியும் கிடைக்கிறது. நிறுவுவது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் போதும் என்று எழுதியிருப்பார்கள். பிரவுசரைத் திறந்ததுமே மூச்சு வாங்கும். ஆளுக்கு 6 ஜிபி கொடுத்தேன், சர்வரில் 192. ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும்போது எஸ்எஸ்டி மட்டும்தான் தாங்கும்.

உரிமத்தை மறக்காதீர்கள். பழைய கணினியோடு சேர்ந்தே வந்த விண்டோஸ் உரிமம் (ஓஇஎம்) இங்கே செல்லாது. விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கான உரிமம் தனி.

மாஸ்டர்

விண்டோஸ் 11 கேட்கும் யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கும் ஃபர்ம்வேர்), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) இரண்டையும் சேர்த்து ஒரு விர்ச்சுவல் கணினி உருவாக்குங்கள். நிறுவும்போது டிஸ்க்கே தெரியாது. பதற வேண்டாம், விர்ச்சுவல் கணினிக்கான டிரைவர்கள் அடங்கிய விர்ட்ஐஓ ஐஎஸ்ஓ கோப்பையும் இணைத்து "லோட் டிரைவர்" கொடுத்தால் வந்துவிடும். நிறுவி முடித்து நாடு, மொழி கேட்கும் திரை வந்ததும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்3. இதுதான் ஆடிட் மோட், பயனர் கணக்கு உருவாக்காமலே விண்டோஸைத் தயார்செய்யும் நிலை. மென்பொருள்களையெல்லாம் இங்கேயே போடுங்கள்.

சிஸ்பிரெப்: நான் விழுந்த இடம்

ஒவ்வொரு நகலும் தனிக் கணினியாக எழ வேண்டுமானால், மாஸ்டரின் தனி அடையாளங்களை, விண்டோஸோடு வரும் சிஸ்பிரெப் என்ற கருவியில் "ஜெனரலைஸ்" டிக் செய்து அழிக்க வேண்டும். எனக்கு "விண்டோஸைச் சரிபார்க்க முடியவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது. இரண்டு இரவு போனது. சிஸ்பிரெப் கோப்புறைக்குள் பாந்தர் என்று ஒரு கோப்புறை, அதில் செட்அப்ஆக்ட் லாக். அதன் கடைசி வரிகளில் காரணம் இருந்தது: ஒரு ஸ்டோர் ஆப், ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்டிருக்கிறது, எல்லோருக்கும் இல்லை.

தவறு என்னுடையது. இணையத்தை இணைத்தே வைத்திருந்தேன். ஸ்டோர் ஆப்கள் பின்னால் தாமாகவே, அந்த ஒரு பயனருக்கு மட்டும், அப்டேட் ஆகிவிட்டன. லாக் சொல்லும் பேக்கேஜ் பெயரைப் பவர்ஷெல்லில் ரிமூவ்-ஆப்எக்ஸ்பேக்கேஜுக்குக் கொடுத்து நீக்குங்கள். மறுபடி ஓட்டினால் அடுத்த ஆப்பின் பெயர் வரும், அதையும் நீக்குங்கள். எனக்கு ஐந்து முறை.

இதைவிட நல்ல வழி, நிறுவும்போதே நெட்வொர்க் கார்டைத் துண்டித்து வைப்பது. விண்டோஸ் அப்டேட் வேண்டுமென்றால் முதலில் குரூப் பாலிசி என்ற விண்டோஸ் அமைப்புகளில் ஸ்டோரின் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு அப்புறம் இணையுங்கள்.

இன்னொன்று: மாஸ்டரையே சிஸ்பிரெப் செய்யாதீர்கள். முழு நகல் எடுத்து, அந்த நகலில் செய்யுங்கள். அடுத்த மாதம் அப்டேட் போட மாஸ்டர் வேண்டும்.

நகல்கள்

சிஸ்பிரெப் முடிந்து அணைந்த நகலை ப்ராக்ஸ்மாக்ஸில் டெம்ப்ளேட் (அச்சு) ஆக்கி, அதிலிருந்து ஆளுக்கொன்றாக, டெம்ப்ளேட்டைச் சார்ந்தே இயங்கும் லிங்க்டு குளோன் எடுங்கள். மாறிய பகுதி மட்டும் சேமிக்கப்படுவதால் இடம் மிச்சம். ஆனால் குளோன்கள் இருக்கும்வரை டெம்ப்ளேட்டை நீக்க முடியாது. டொமைனில் (அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) சேர்க்கும் முன் கணினிப் பெயரை மாற்றிவிடுங்கள். தானாக வரும் பெயரில் எது யாருடையது என்று ஒருநாளும் தெரியாது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) கொடுங்கள், ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை

மேலே சொன்னபடி செய்தும் சிஸ்பிரெப் நிற்கிறது என்று சிலர் எழுதினார்கள். லாக்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி) பெயர் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகலாம். அதை அணைத்து, டீகிரிப்ட் முழுதாக முடிந்தபின் ஓட்டுங்கள்.

இன்னொரு வாசகர் புது டெம்ப்ளேட் வந்ததும் பழைய குளோன்களை நீக்கியிருக்கிறார்; பயனர்களின் கோப்புகளும் கூடவே போயின. எஃப்எஸ்லாஜிக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளைப் போட்டால் ஒவ்வொருவரின் புரொஃபைலும் (அவரது கோப்புகளும் அமைப்புகளும்) கோப்பு சர்வரில் தனி விஎச்டிஎக்ஸ் (விர்ச்சுவல் டிஸ்க்) கோப்பாக இருந்து, லாகின் ஆகும்போது இணைந்துகொள்ளும். குளோனை நீக்கினாலும் அது இருக்கும். அந்தக் கோப்பு சர்வருக்கு மறக்காமல் பேக்கப் எடுங்கள். டெம்ப்ளேட்டை மறுபடி செய்துகொள்ளலாம், பயனர்களின் கோப்புகளை அப்படிச் செய்ய முடியாது.