விக்டர் கிளெம்பரரின் டைரியை எப்படிப் படிப்பது

போர்க்காலத்து யூத டைரி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆன் ஃபிராங்க். அந்தப் பழக்கத்தில் விக்டர் கிளெம்பரரின் டைரியை எடுத்தால் ஐம்பது பக்கத்திலேயே அலுத்துவிடும். ஒளிவிடம் இல்லை, கதை ஏறி இறங்குவதில்லை. நெஞ்சுவலி, கடன், வீடு கட்டப் பணம், பூனை, உருளைக்கிழங்கு என்றே பன்னிரண்டு வருஷம் போகும். ஆனால் சரக்கு முழுக்க அந்தச் சில்லறை விஷயங்களில்தான் இருக்கிறது. அதைப் பிடிக்கக் கொஞ்சம் முறை வேண்டும்.

முதலில் ஆள் யாரென்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 1881இல் பிறந்தவர், யூத மதகுருவின் மகன். இளம் வயதிலேயே புராட்டஸ்டண்டாக மாறியவர், முதல் உலகப்போரில் ஜெர்மன் ராணுவத்துக்குத் தானே முன்வந்து போனவர். 1920 முதல் டிரெஸ்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் பிரெஞ்சு முதலான, லத்தீனிலிருந்து வந்த மொழிகளின் இலக்கியப் பேராசிரியர். 1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியபோது, போர்முனையில் இருந்தவர் என்பதால் இவர் வேலை தப்பியது, 1935இல் போய்விட்டது. இசை நடத்துநர் ஓட்டோ கிளெம்பரர் இவருக்கு உறவு. பெயரைத் தேடும்போது இருவரும் கலந்து வருவார்கள், கவனம்.

மனைவி ஈவா யூதர் அல்ல. இந்த ஒரு விவரம் புரியாவிட்டால் டைரியில் பாதி புரியாது. கலப்பு மணத்தில் கணவன் யூதராகவும் குழந்தை இல்லாமலும் இருந்தால் அது ‘சலுகை பெற்ற’ மணமாகக் கணக்கில் வராது. அதனால்தான் 1941 செப்டம்பர் 19 முதல் அவர் யூதர் என்று காட்டும் மஞ்சள் நட்சத்திரத்தை உடையில் அணிய வேண்டியிருந்தது. 1940 மே மாதமே டோல்ஷன் பகுதியில் இருந்த சொந்த வீட்டை விட்டு ‘யூதர் வீடு’ என்று ஒதுக்கப்பட்ட கட்டடத்துக்குப் போக வேண்டியும் வந்தது. அதே சமயம் ஈவா உயிரோடு இருந்து விவாகரத்தும் செய்யாததால், மற்ற யூதர்களை முகாம்களுக்கு ரயிலேற்றியபோது இவர் பெயர் தள்ளிக்கொண்டே போனது. ‘இவர் எப்படித் தப்பினார்?’ என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போனவர்கள்.

அடுத்தது பதிப்பு. ஜெர்மனில் 1995இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது, அவர் இறந்து 35 வருஷம் கழித்து. மார்ட்டின் சால்மர்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதிலிருந்து சுருக்கியது. ஒரு நாள் விடுபட்டிருந்தால் அவர் அன்று எழுதவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெட்டியது பதிப்பாளராகவும் இருக்கலாம். 1947இல் அவரே வெளியிட்ட ‘எல்.டி.ஐ.’ என்ற புத்தகத்தையும் டைரியையும் ஒன்றாக்காதீர்கள். நாஜி ஜெர்மன் மொழியைப் பற்றிய அந்த நூல் டைரிக் குறிப்புகளிலிருந்து வந்ததுதான். ஆனால் முடிவு தெரிந்த பிறகு எழுதியது. டைரி முடிவு தெரியாமல் எழுதியது. மேற்கோள் காட்டும்போது எது எதிலிருந்து என்று பிரித்துக் குறியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கோடு போட்ட நோட்டில் நான்கு பத்தி (நெடுக்கு வரிசை) போடுங்கள்: எழுதிய தேதி, நடந்த தேதி, பறிபோனது என்ன, யார் சொல்லித் தெரிந்தது. பின்பக்கத்தில் சொற்களுக்கென்று தனி இடம்.

எழுதிய தேதியும் நடந்த தேதியும் தனித்தனியாக எதற்கு? ஓர் உதாரணம். ஜன்னலை இருட்டடிப்பு செய்யாத குற்றத்துக்கு 1941 ஜூன் 23 முதல் எட்டு நாள் சிறை. அறை எண் 89. அந்த நீண்ட பகுதி வெளியே வந்தபின் நிதானமாக எழுதியது, அதனால் நடையே வேறு. டிரெஸ்டன் குண்டுவீச்சும் அப்படித்தான். 1945 பிப்ரவரி 13 இரவு நடந்ததை அவர் 22ஆம் தேதிக்கு மேல் பிஸ்கோவிட்ஸ் கிராமத்தில் உட்கார்ந்து எழுதினார். அன்றன்றைக்குக் கிறுக்கியதையும் ஒரு வாரம் கழித்துக் கோத்ததையும் ஒரே தட்டில் வைத்தால் எடை தப்பும்.

மூன்றாவது பத்தி வேகமாக நிரம்பும். 1938 டிசம்பரில் கார் ஓட்டும் உரிமம். 1939 முதல் பெயரோடு ‘இஸ்ரேல்’ என்று கட்டாயமாக ஓர் ஒட்டு. 1941இல் தட்டச்சுப்பொறி; அதிலிருந்து எல்லாம் கையெழுத்துதான். 1942 மே மாதம் யூதர்கள் வளர்ப்புப் பிராணி வைத்திருக்கக் கூடாது என்ற உத்தரவு. வேறு யாருக்கும் கொடுக்கவும் அனுமதியில்லை. முஷெல் என்ற பூனையை ஈவா மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொல்ல வைக்கிறார். சில வாரம் கழித்து, ஜூன் 2ஆம் தேதிக் குறிப்பில், கிளெம்பரரே எண் போட்டு 31 தடைகளை அடுக்குகிறார்: பூ வாங்கத் தடை, முடிதிருத்தகம் தடை, பூங்கா தடை, கடைக்குப் போக நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம். உங்கள் பத்தியை அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எது உங்களிடம் இல்லையோ அங்கே வேகமாகப் புரட்டியிருக்கிறீர்கள், திரும்பிப் போங்கள்.

நான்காவது பத்திதான் கடினம். 1942 மார்ச் 16 அன்று ‘ஆஷ்விட்ஸ், அல்லது அதுபோல ஒரு பெயர்’ என்று எழுதுகிறார். மிகக் கொடிய முகாம், சுரங்க வேலை, சில நாளில் சாவு என்று காதில் விழுந்தது. அக்டோபர் 17இல் அதையே வேகமாக இயங்கும் கொலைக்களம்போலத் தோன்றுகிறது என்கிறார். ‘தோன்றுகிறது’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நமக்குத் தெரிந்ததை அவர் தலையில் ஏற்றி ‘இன்னும் ஏன் ஓடவில்லை?’ என்று கேட்பதுதான் இந்த டைரியைப் படிப்பவர்கள் அதிகம் செய்யும் தப்பு. அதைத் தவிர்க்க ஒரே வழி, ஒரு மாதக் குறிப்பு முடிந்ததும் நிறுத்தி, அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று இரண்டு வரி எழுதிவைப்பது.

சொல் பட்டியலில் முதலில் வரவேண்டியது ‘ஃபனாட்டிஷ்’. பழைய ஜெர்மனில் வசைச்சொல், நாஜிகள் வாயில் பாராட்டாகிவிட்டது. ‘வெறித்தனமான’ என்று பெயர்த்தால் நம் வாசகருக்குச் சிக்கல்: சினிமா ரசிகர்கள் புண்ணியத்தில் நம்மிடமும் அது பாராட்டாகிவிட்டதே! அந்த இடங்களில் மூலச்சொல்லையே வைத்து ஒருமுறை விளக்குவது மேல்.

தாள்கள் எப்படித் தப்பின என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள். எழுதிய தாள்களை ஈவா அவ்வப்போது ரயிலில் பிர்னா ஊருக்குக் கொண்டுபோய் மருத்துவர் அன்னமேரி கோலரிடம் சேர்ப்பார். நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ கையில் சிக்கினால் எழுதியவர், சுமந்தவர், வைத்திருந்தவர், பெயர் வந்தவர் எல்லோரும் தொலைந்தார்கள். அடுத்த கட்டுப் போய்ச் சேர்ந்தபின் முந்தையதைப் புரட்டிப் பார்க்க அவருக்கு வழியில்லை. சொன்னதையே திரும்பச் சொல்வது அதனாலும்தான்.

நேரம் குறைவென்றால் 1942 ஜனவரி முதல் ஜூன் வரை முதலில் படித்துவிட்டு 1933க்குப் போங்கள். ஒரே மூச்சில் படிக்க ஏற்றது 1945 பிப்ரவரிப் பகுதி மட்டும். 13ஆம் தேதி பகலில், எஞ்சியிருந்த யூதர்கள் ஊரைவிட்டு அனுப்பப்படுவதற்காக 16ஆம் தேதி வந்து சேர வேண்டும் என்ற உத்தரவை வீடு வீடாகக் கொடுக்கும் வேலை அவருக்கு. இரவு குண்டுமழை. மறுநாள், பேனாக்கத்தியால் ஈவா அவர் கோட்டிலிருந்து நட்சத்திரத்தை அறுத்து எடுக்கிறார். அங்கிருந்து பவேரியா வழியாகச் சுற்றி, ஜூன் 10 அன்று டோல்ஷன் வீட்டுக்கே திரும்பி வருவது வரை தொடர்ந்து படித்துவிடுங்கள்.