பட்டாளத்துப் பாட்டாவின் கதையைப் பதிவு செய்வது எப்படி?

குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊர் குறைவு. 1962 சீனப் போரிலும் 1965 பாகிஸ்தான் போரிலும் எல்லையில் நின்றவர்கள் இன்று எண்பதைத் தொட்டுவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். 1971 போருக்கு இருபது வயதுப் பையனாகப் போனவரும் எழுபதுகளின் நடுவில் இருக்கிறார். அவர்கள் கதையை எடுத்து வைக்க ஸ்டுடியோ தேவையில்லை. ஒரு செல்போனும் ஒரு நோட்டும் போதும். இதுவரை செய்து பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

1. முதல் நாள் போனை வெளியே எடுக்காதீர்கள்

போன உடனே "பாட்டா, சண்டையில என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், "அதெல்லாம் இப்பம் எதுக்கு மக்களே?" என்று முடித்துவிடுவார். இல்லாவிட்டால், கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி மெருகேறிய ஒரு வீரக்கதை வரும். நமக்கு வேண்டியது இது இரண்டும் அல்ல.

அதனால் முதலில் பெட்டியைக் கேளுங்கள். கறுப்புத் தகர டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ கிடக்கும். மேலே பட்டுச்சேலையும் நிலப் பத்திரமும் இருந்தாலும் அடியில் டிஸ்சார்ஜ் புக், மெடல்கள், கடிதக் கட்டு ஏதாவது அகப்படும். ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுங்கள். பேச்சு தானாக வரும்.

டிஸ்சார்ஜ் புக்கில் சேர்ந்த தேதி, யூனிட், வெளியே வந்த தேதி, காரணம் எல்லாம் இருக்கும். அதுதான் உங்கள் கேள்விகளுக்கு அஸ்திவாரம். மெடலைச் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். ஸ்டார் வகை என்றால் பின்பக்கத்தில் பாருங்கள். ரக்ஷா மெடல் 1965-ஐச் சொல்லும். பூர்வி ஸ்டார் இருந்தால் 1971-இல் கிழக்கு முனை, பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. யாராவது புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யவும் விடாதீர்கள்.

கடிதங்களில் '56 ஏ.பி.ஓ.' என்றோ '99 ஏ.பி.ஓ.' என்றோதான் விலாசம் இருக்கும்; ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் அலுவலகம். ஆள் எந்த ஊரில் இருந்தார் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அவரிடமே கேட்டுப் பென்சிலால் தனித்தாளில் குறித்து வையுங்கள். 1956 வரை நம் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் பழைய கடிதங்கள் மலையாளத்திலும் இருக்கலாம். வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. அறையும் சத்தமும்

திண்ணை வேண்டாம். பஸ் ஹாரனும் தென்னையில் அடிக்கும் காற்றும் சேர்ந்து பதிவாகும். மெத்தை, துணி அலமாரி உள்ள அறை நல்லது. ஃபேனை நிறுத்தி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் வையுங்கள். ஒரு நிமிடம் பதிந்து இயர்போனில் கேட்டுப் பார்த்த பிறகு ஆரம்பியுங்கள். பீரங்கிப் படையில் இருந்தவர் என்றால் ஒரு காது மந்தமாக இருக்க வாய்ப்பு உண்டு; எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும் என்று விசாரித்து அந்தப் பக்கம் உட்காருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். வீடியோ இருந்தால் நல்லதுதான், ஆனால் கேமராவைக் கண்டதும் பலர் அட்டென்ஷனில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு ஆடியோ போதும்.

3. என்ன கேட்பது

என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்யும் கேள்வி: "லீவுல ஊருக்கு வரும்போது எங்க இறங்குவீங்க?" நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-இல்தான். அதற்கு முன் திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ இறங்கி, பெட்டியோடு பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பயணத்தைச் சொல்லத் தொடங்கினால் அம்மாவுக்கு வாங்கிவந்த கம்பளி, லீவு நடுவில் திரும்பி வரச் சொன்ன தந்தி, பார்க்காமலே பிறந்த பிள்ளை என்று வரிசையாக வரும். சண்டையும் அதன் நடுவில் வரும், அவர் விரும்பிய இடத்தில்.

கஷ்டம் என்றால் குண்டடி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பனியில் விரல் போனவர்கள் உண்டு. கால் போனவர்கள் பலர் புனேயில் உள்ள செயற்கை உறுப்பு மையத்துக்குப் போயிருப்பார்கள். 1944-இலிருந்து இருக்கும் இடம் அது. அவரிடம் "கால் எப்படிப் போச்சு?" என்பதோடு நிறுத்தாமல், அந்தக் காலோடு ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் முதலில் எப்படி ஏறினார் என்று கேளுங்கள். ஊனப் பென்ஷனுக்காக எத்தனை வருடம் காகிதம் அனுப்பினார், பேங்க் வாசலில் செக்யூரிட்டியாக நின்றபோது என்ன நினைத்தார், குடி எப்போது பிடித்தது, எப்படி விட்டது. மீண்டு வந்த கதை பெரும்பாலும் ஊர் திரும்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தமிழ் பேசும் சிப்பாய், தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்ற காலம் அது. உங்கள் அரசியல் எதுவாக இருந்தாலும் பையில் வைத்துவிட்டுப் போங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தேதி மறந்துவிட்டால் ஊர் நிகழ்ச்சியைச் சொல்லி நினைவூட்டுங்கள். விவேகானந்தர் பாறை மண்டபம் 1970-இல் திறந்தது, அதற்கு முன்பா பின்பா? காமராஜர் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்ற 1969-இல் எங்கே போஸ்டிங்? இப்படிக் கேட்டால் அநேகமாகப் பிடி கிடைக்கும்.

வீட்டம்மாவைத் தனியாகப் பதியுங்கள். கணவர் அருகில் இருந்தால் "அவிய சொல்லட்டும்" என்று ஒதுங்கிவிடுவார்கள். மணியார்டர் வராத மாதத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பேச்சு நின்று கண் கலங்கினால் பதிவை நிறுத்துங்கள். அடுத்த கேள்வி போடாதீர்கள். தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். தொடர வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். அன்று இரவு தூக்கம் வந்ததா என்று மறுநாள் வீட்டாரிடம் கேட்டுக்கொள்வதும் நம் வேலைதான்.

4. பாதுகாப்பது

டபிள்யூ.ஏ.வி. (சுருக்காத ஒலிக்கோப்பு) வடிவில் பதிந்தால், ஒற்றைச் சேனலில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 350 எம்.பி. ஆகும். பரவாயில்லை, அதுதான் மூலப்பிரதி. வெட்டி ஒட்டுவதெல்லாம் நகலில். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், தேதி, ஊர், பெயர் இருக்கட்டும். மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள சொந்தக்காரரிடமோ கிளவுடிலோ. போட்டோவை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்வாகப் படமெடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் தரம் போய்விடும்.

எழுத்தாக்கும்போது அவர் "இப்பம்" என்றால் "இப்பம்" என்றே எழுதுங்கள். லங்கர் (படைச் சமையலறை), ரோல் கால் (ஆள் கணக்கெடுப்பு), சாப் (அதிகாரியை அழைக்கும் சொல்) போன்ற பட்டாளத்துச் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

5. அனுமதி

இதைக் கடைசிக்கு வைத்தாலும் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு பக்கத் தாளில், தமிழில், மூன்று தெரிவுகள் கொடுங்கள்: குடும்பத்துக்கு மட்டும், என் காலத்துக்குப் பிறகு, இப்போதே எல்லோருக்கும். எழுத்தாக்கியதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்து, வாசித்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். அவர் கோடு போட்டு நீக்கிய வரி வெளியாகும் பிரதியில் வரக்கூடாது. பென்ஷன் ஆர்டர், சர்வீஸ் நம்பர், ஆதார் தெரியும்படி எதையும் பொதுவில் போடாதீர்கள். முன்னாள் படைவீரர்களைக் குறிவைக்கும் மோசடிக்காரர்கள் உண்டு. டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால் நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். மதராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் ஆவண அலுவலகம் வெலிங்டனில் இருக்கிறது. கையெழுத்தான தாளையும் ஸ்கேன் எடுத்து, ஆடியோ இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.