விவாகரத்தும் இன்சூரன்ஸ் கார்டும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து சேர்ந்த சில வாரங்களில் தபாலில் ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் கார்டு வரும். பர்சில் செருகுவதற்கு முன்னால் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். மேலே இருப்பது வேலை பார்ப்பவரின் பெயர். மனைவியும் பிள்ளைகளும் அவரைச் சார்ந்தவர்கள், அதாவது டிபெண்டன்ட். பெரும்பாலும் கணவருக்கு எச்-1பி என்கிற வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த எச்-4 விசா என்று வருகிற நம் வீடுகளில் மருத்துவக் காப்பீடு மொத்தமும் கணவரின் கம்பெனியோடு கட்டிய முடிச்சு. கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பு வந்தால் அன்றைக்கோ அந்த மாதக் கடைசியிலோ மனைவிக்கு அது அவிழ்ந்துவிடும். எந்த நாள் என்பது அந்தந்த பிளானின் விதியைப் பொறுத்தது.

கல்யாணமாகி வந்து இறங்கியவர்களிடம் இதைப் பேசுவது அபசகுனம்தான். ஆனாலும் பேசுகிறேன். நியூஜெர்சியின் எடிசன் ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் மாதாமாதம் வாங்கும் தைராய்டு மாத்திரைக்காக மருந்துக்கடைக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "இந்த கார்டு ஆக்டிவ் இல்லையே, வேறு இருக்கிறதா?" என்று கேட்டார். தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மாத்திரையைக் கைக்காசு போட்டு வாங்கிவிட்டார். அடுத்த வாரம் எடுக்க வேண்டிய ஸ்கேனை நினைத்துத்தான் அன்று இரவு எனக்கு போன் செய்தார்.

அவருக்குக் கைகொடுத்தது கோப்ரா. பெயர் பாம்பாக இருந்தாலும் நல்ல சட்டம், 1986 முதல் நடைமுறையில் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி என்றால், விவாகரத்தான துணை அதே பிளானில் 36 மாதம் வரை தொடரலாம். விசா நிலை என்ன என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. கொத்துவது பிரீமியம்தான். இதுவரை கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும், அதற்கு மேல் 2 சதவீத நிர்வாகச் செலவு வேறு. ஒருவருக்கான முழு பிரீமியம் மாதம் 800 டாலர் என்றால் 816 டாலர் வரும்.

பலர் கோட்டைவிடுவது தகவல் சொல்வதில்தான். வேலை போனால் கம்பெனியே பிளான் நிர்வாகிக்குத் தெரிவிக்கும். விவாகரத்து நடந்தது கம்பெனிக்கு எப்படித் தெரியும்? நீங்களோ முன்னாள் துணையோ சொல்ல வேண்டும். பெரும்பாலான பிளான்களில் அதற்கு 60 நாள்தான். "அவர் சொல்லிவிடுவார்" என்று இருக்காதீர்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டில் யார் யாருக்குச் சொல்வது? தீர்ப்பின் நகலை வைத்து நீங்களே கடிதம் எழுதி, தபால் ஆபீசில் சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் சேர்ந்த பிறகு கோப்ரா வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய இன்னொரு 60 நாள் கிடைக்கும். சேர்ந்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே கணக்கு, பிரீமியமும் அன்றிலிருந்துதான். அந்தப் பெண்ணின் ஸ்கேன் அப்படித்தான் உள்ளே வந்தது.

மார்க்கெட்பிளேஸ் என்கிற அரசு இன்சூரன்ஸ் சந்தையிலும் காப்பீடு போன 60 நாளுக்குள் பிளான் எடுக்கலாம். ஆனால் அதற்குச் செல்லுபடியாகும் விசா நிலை வேண்டும். இங்கேதான் சிக்கல். விவாகரத்து ஆனதும் எச்-4 முடிந்துவிடுகிறது. வேலை போன எச்-1பிக்காரருக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் இதற்குக் கிடையாது. அதனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். கிரீன் கார்டு கையில் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. பெற்றோர் பிரிந்தாலும் 26 வயது வரை யாராவது ஒருவரின் பிளானில் இருக்கலாம். எந்தப் பெற்றோர் எடுப்பது என்பதைத் தீர்ப்பிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

கோபத்தில் சிலர் வழக்கு நடக்கும்போதே துணையின் பெயரை எடுத்துவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் மனு தாக்கலாகி சம்மன் கைக்குப் போனதுமே அது தடை. தலைகீழாக, விவாகரத்தை மறைத்து பழைய துணையை பிளானிலேயே வைத்திருப்பதும் உண்டு. இரக்கத்தில் செய்தாலும் அது மோசடிதான், பின்னால் பில் முழுவதும் திரும்பி வரலாம்.

கார் இன்சூரன்ஸ் சுலபம். வீடு மாறியதும் தனி பாலிசி எடுத்து, காரின் டைட்டிலையும், அதாவது உரிமைப் பத்திரத்தையும், யார் பெயரில் வேண்டுமோ மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆயுள் காப்பீட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். வேலையில் சேர்ந்த அன்று அவசரமாக நிரப்பிய படிவத்தில் பெனிஃபிஷியரி, அதாவது நாமினி, என்று யார் பெயர் இருக்கிறதோ பணம் அவருக்கே போகும். வாஷிங்டன் மாநிலத்தில் போயிங்கில் வேலை பார்த்த டேவிட் எகல்ஹாஃப் 1994இல் விவாகரத்து பெற்றார். இரண்டு மாதம் சொச்சத்திலேயே விபத்தில் காயம்பட்டு இறந்துபோனார். படிவத்தில் முன்னாள் மனைவியின் பெயர் அப்படியே இருந்தது. விவாகரத்தானால் அந்தப் பெயர் செல்லாது என்று மாநிலச் சட்டம் சொன்னது. முதல் மனைவியின் பிள்ளைகள் அதை வைத்து வழக்குப் போட்டார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம், கம்பெனி பிளான்களில் மாநிலச் சட்டம் செல்லாது, படிவத்தில் உள்ளபடிதான் என்றது. கம்பெனியின் பெனிஃபிட்ஸ் தளத்தில் உள்ளே போய் அந்தப் பெயரை மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். 401கே என்கிற ஓய்வூதியச் சேமிப்புக்குத் தனிப் படிவம், அதையும் கையோடு மாற்றுங்கள்.