திருவருகைக் காலத்தில் ஒரு யூகேஜி வாரம்: புது மிஸ்களுக்கு

ஏற்காட்டில் ஒரு கான்வென்ட் பள்ளியில் யூகேஜி எடுக்கிறேன். புதிதாகச் சேரும் மிஸ்கள் வந்ததும் கேட்பது, "இந்த வாரம் என்ன பாடம் நடத்தணும்?" பாடம் அப்புறம். மணி அடித்ததிலிருந்து வேன் ஏறும்வரை எதற்குப் பின் எது என்ற வரிசையை முதலில் போடுங்கள். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. ஸ்நாக்ஸ் முடிந்தால் கதை, கதை முடிந்தால் அம்மா வருவாள் என்பதுதான் அதன் கடிகாரம். அதைக் கலைத்தால் அன்றைக்கு முழுக்க அழுகைதான்.

மாதிரிக்கு டிசம்பர் முதல் வாரத்தை எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறன்று தொடங்கிவிடும். மாதா கோயிலில் ஊதா நிறம் வந்துவிடும், வகுப்பிலும் வரட்டும்.

முதலில் சேர்க்க வேண்டியவை

ஊதா கிரேப் பேப்பர், ரோஸ் நிறத்தில் ஒரே ஒரு தாள், மெழுகுவர்த்தி செய்யச் சார்ட் அட்டை, ஒரு காலி அட்டைப்பெட்டி, ஒரு கட்டு காய்ந்த புல், நாலு ஸ்டீல் தட்டு, அரைக் கிலோ ரவை. தட்டில் எழுத சேலத்தில் இருக்கும் தோழி உப்பு வைத்துக்கொள்வாள். இங்கே மூடுபனியில் உப்பு ஒரே நாளில் கசிந்துவிடும். ரவையை மாலையில் டப்பாவில் மூடி வையுங்கள், எறும்பு வரும்.

திங்கள்: புதிதாக எதுவும் வேண்டாம்

இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறார்கள். பையை எங்கே மாட்டுவது, செருப்பை எங்கே விடுவது, வட்டமாக உட்காருவது, இதெல்லாம் ஒருமுறை செய்து பார்த்தாலே போதும். பிறகு செபம்.

சிலுவை அடையாளம் போடச் சொல்லிக்கொடுப்பதில் நான் முதல் வருடம் செய்த தவறைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு எதிரே நின்று வலக்கையால் நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று போட்டுக் காட்டினேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லோரும் இடக்கையால் வலத்தோளை முதலில் தொட்டார்கள். பார்த்த சிஸ்டர் சிரித்துவிட்டார். இப்போது அவர்களுக்கு முதுகைக் காட்டி, அவர்கள் பார்க்கும் பக்கமே பார்த்து நின்று போடுகிறேன். "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே, ஆமென்." வலக்கை எது என்று மறப்பவர்களுக்கு மணிக்கட்டில் ஒரு நூல் கட்டிவிடலாம்.

நம் வகுப்புகளில் எல்லா மதப் பிள்ளைகளும் இருப்பார்கள். பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையில் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவே சொல்கிறது. செப நேரத்தில் மற்ற மதப் பிள்ளைகள் கண்மூடி அமைதியாக உட்கார்ந்தால் போதும். அதையும் அதட்டிச் சொல்லாதீர்கள்.

செவ்வாய்: எழுத்து

'அ' எழுத வளைவும் சுழியும் வேண்டும், சின்ன விரல் தடுமாறும். நான் 'ட'வில் தொடங்குவேன். மேலிருந்து ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, முடிந்தது. அடுத்து 'ப', 'ம'. முதலில் காற்றில் எழுதுங்கள், பிறகு ரவைத் தட்டில் விரலால், கடைசியாகத்தான் பல்பமும் ஸ்லேட்டும். இந்த மூன்றோடு புள்ளியும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் கைக்கு வந்துவிடும். பட்டம் என்றதும் வகுப்பே எழுந்து ஓடும், தயாராக இருங்கள்.

புதன்: எண்

திருவருகைக் காலத்தின் நாலு ஞாயிறுக்கும் நாலு அட்டை மெழுகுவர்த்தி செய்யுங்கள். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். வாரத்துக்கு ஒன்றாகச் சுடர் ஒட்ட வேண்டும். ரோஸ் மெழுகுவர்த்திக்கு மூன்றாம் ஞாயிறுதான் முறை. "எத்தனை எரியுது, எத்தனை பாக்கி?" என்று கேட்டாலே கூட்டலும் கழித்தலும் வந்துவிடும். நெருப்பு வேண்டவே வேண்டாம்.

எண்ணுவதற்குக் காபிக்கொட்டை கொடுக்காதீர்கள். தோட்டத்தில் அறுவடை நடக்கிற மாதம், கொட்டை சும்மா கிடைக்கிறதே என்று நான் கொடுத்தேன். ஒருவன் மூக்கில் போட்டுக்கொண்டான். தோண்டி எடுக்கப் பார்க்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து தண்ணீர் பாட்டில் மூடிதான்.

வியாழன்: கதையும் புல்லும்

டிசம்பர் 6 புனித நிக்கோலாஸ் திருநாள். ஏழை வீட்டில் இரவோடு இரவாகப் பொற்காசு போட்டுவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போனவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் சொல்லி முடியுங்கள்.

அப்புறம் அட்டைப்பெட்டியை எடுங்கள். அதுதான் குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டி. ஒரு நல்ல செயலுக்கு ஒரு புல் என்று போட்டு கிறிஸ்துமஸுக்குள் மெத்தை ஆக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. தான் செய்ததைத் தானே சொல்லலாம் என்று விட்டால், "மிஸ், நான் தண்ணி குடுத்தேன்", "மிஸ், நான் ரெண்டு தடவை குடுத்தேன்" என்று கச்சேரி ஆரம்பித்துவிடும். கீழே கிடக்கும் பென்சிலை எடுத்துக்கொடுப்பதற்காகவே ஒருத்தி வேண்டுமென்று தள்ளிவிட்டாள்! ஆகவே எங்கள் வகுப்பில் அடுத்தவர் செய்ததைத்தான் சொல்லலாம், சொன்னவர் கையாலேயே புல்லைப் போட வேண்டும். யாரும் சொல்லாத பிள்ளை ஒன்று இருக்கும். அதைக் கவனித்து நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை சண்டை போட்டது என்பதற்காக, ஏற்கெனவே போட்ட புல்லைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

வெள்ளி: கோயில்

மாதத்தின் முதல் வெள்ளி இயேசுவின் திரு இருதயத்துக்கு உரியது. அன்று கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், பத்து நிமிடம் போதும். ஆயாம்மா வரிசையின் கடைசியில் வரட்டும். நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழை பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்கைக் காட்டி, "இயேசு இங்கே இருக்கார்னு சொல்ற விளக்கு" என்று மெதுவாகச் சொல்லுங்கள். உங்கள் குரல் தாழ்ந்தால் அவர்கள் குரலும் தாழும். புனித நீரில் ஒரு விரல் மட்டும் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முகம் கழுவிவிடுவார்கள்.

திரும்பி வந்ததும் ரவை டப்பாவை மூடி, புல் பெட்டியை அலமாரி மேல் வையுங்கள். டைரியில் ஒரே ஒரு வரி: திங்களன்று ஸ்வெட்டரில் பேர் தைத்து அனுப்பவும். எல்லாமே கருநீலம், யாருடையது என்று மோந்து பார்த்தா கண்டுபிடிக்க முடியும்?