டிஷ்வாஷரில் தண்ணீர் வடியாமல் நின்றால்: அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

ப்ரோகிராம் முடிந்து கதவைத் திறந்தால் அடியில் கலங்கல் தண்ணீர், அதன்மேல் எண்ணெய்ப் படலம், ஓரத்தில் நாலைந்து கறிவேப்பிலை. பார்த்ததும் பம்ப் போய்விட்டது என்றே பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பம்ப் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு முன்னாலோ பின்னாலோ ஏதோ அடைத்திருக்கும். தண்ணீர் வெளியேறும் பாதை ரொம்ப நீளமானதல்ல. ஃபில்டர், அதன் கீழே உள்ள குழி, டிரெயின் பம்ப், ஹோஸ், கடைசியாக சிங்க்கின் கழிவுக் குழாய். இந்த ஐந்தில் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எதையும் யோசிக்காமல் புது பம்ப் வாங்குவது வீண் செலவு.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டருக்குக் கீழே உள்ள குழியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். அது பழுதல்ல, ரப்பர் சீல்கள் காய்ந்துபோகாமல் இருக்க அந்தத் தண்ணீர் வேண்டும். ஃபில்டரைச் சுற்றியுள்ள தட்டையான ஸ்டீல் வலைக்கு மேலே தண்ணீர் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கழற்றுவதற்கு முன் சத்தத்தைக் கேளுங்கள்

தண்ணீர் நிற்கும்போதே மெஷினை ஒருமுறை வடிக்கச் சொல்லிப் பாருங்கள். பாஷ், சீமென்ஸ் மாடல்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் ஓடிக்கொண்டிருந்த ப்ரோகிராம் ரத்தாகும். பிறகு சுமார் ஒரு நிமிடம் பம்ப் தண்ணீரை வெளியேற்றும். மற்ற கம்பெனி மெஷின்களில் கேன்சல் அல்லது ரீசெட் எந்தப் பட்டன் என்று மேனுவலில் இருக்கும்.

அந்த ஒரு நிமிடம் மெஷினின் அடிப்பக்கத்தில் காதை வையுங்கள். பம்ப் சீராக ஓடுகிறது, ஆனால் தண்ணீர் குறையவில்லை என்றால் அடைப்பு பம்புக்கு அப்பால், ஹோஸிலோ சிங்க் குழாயிலோ இருக்கிறது. அல்லது பம்பின் மூடி சரியாகப் பொருந்தாமல் கழன்றிருக்கிறது. மூடி கழன்றிருந்தால் பம்ப் அதே தண்ணீரை அங்கேயே சுற்றவிட்டுக்கொண்டிருக்கும். "உம்ம்ம்" என்று அடங்கிய உறுமல் மட்டும் வந்து தண்ணீர் அசையவே இல்லை என்றால் பம்பின் இறக்கையில் ஏதோ சிக்கியிருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லையென்றால் கரண்ட் பம்புக்குப் போகவில்லை, அல்லது பம்ப் மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்) எரிந்துவிட்டது.

திரையில் வரும் எரர் கோடும் (பிழைக் குறியீடும்) துப்பு கொடுக்கும். பாஷ் மெஷின்களில் இ24 என்றால் கழிவு ஹோஸ் மடங்கியிருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது; இ25 என்றால் பம்ப் சிக்கியிருக்கிறது அல்லது மூடி சரியாக உட்காரவில்லை. எல்ஜியில் ஓஇ என்று வந்தால் வடிகால் பிரச்சினை. பாஷில் இ15 வந்து, உள்ளே தண்ணீர் இல்லாமலேயே பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் அது வேறு விஷயம். எங்கோ கசிந்து மெஷினின் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மெஷினைச் சாய்த்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கோடு மறையும், கசிவு மறையாது. அதற்கு சர்வீஸ் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

தண்ணீரை எடுத்து ஃபில்டரைக் கழுவுங்கள்

சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். கனமான பாத்திரங்களுக்கான ப்ரோகிராம் ஓடியிருந்தால் தண்ணீர் 70 டிகிரி வரை சூடாகியிருக்கும், அரைமணி நேரம் ஆறவிடுங்கள். கீழ்த் தட்டை வெளியே எடுத்துவிட்டு, ஒரு சின்ன கிண்ணத்தால் தண்ணீரை மொண்டு பக்கெட்டில் ஊற்றுங்கள். மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கலாம். தண்ணீர் நிறைய நிற்கும்போது ஃபில்டரைத் தூக்காதீர்கள். அதன்மேல் தங்கியிருக்கும் சோற்றுப் பருக்கையும் கடுகும் நேராகப் பம்புக்குள் இறங்கிவிடும். ஃபில்டர் அடைப்போடு நின்றிருக்க வேண்டிய விஷயம் பம்ப் அடைப்பாக மாறுவது இப்படித்தான்.

உருளை வடிவ ஃபில்டரை இடப்பக்கமாகத் திருப்பினால் பூட்டு விடுபடும், நேராக மேலே தூக்குங்கள். அதற்குள் பெரிய கண் வலையும் நுண்ணிய வலையும் தனித்தனியாகப் பிரியும். தட்டையான ஸ்டீல் வலை கூடவே வரும். நுண் வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாமல் மங்கலாகத் தெரிந்தால் எண்ணெய்ப் பிசுக்கு கண்களை மூடியிருக்கிறது. வெந்நீரில் கொஞ்சம் டிஷ்வாஷ் லிக்விட் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். ஸ்டீல் நார் வேண்டாம், வலை கிழிந்துவிடும். கிழிந்த ஃபில்டரை வைத்துக்கொண்டு எத்தனை முறை பம்பைச் சுத்தம் செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

கழுவிய லிக்விடை முழுவதும் அலசிவிடுங்கள். மெஷினுக்குள் அது போனால் நுரை பொங்கும். நுரையைப் பம்பால் தள்ள முடியாது, மறுபடியும் தண்ணீர் நிற்கும். யாராவது தெரியாமல் விம் ஜெல்லை மெஷினில் ஊற்றிவிட்டாலும் இதேதான் நடக்கும். அப்படியானால் கதவைத் திறந்துவைத்து நுரையை அடங்கவிட்டு, அள்ளி எடுத்துவிட்டு, அரை கப் வினிகர் ஊற்றி, இரண்டு மூன்று முறை வடிக்கவிட்டால் சரியாகிவிடும்.

பம்பின் மூடிக்குள் என்ன இருக்கிறது?

நம் சமையல்தான் இங்கே முக்கியம். எலுமிச்சை விதை, மீன் முள், பல்குத்தும் குச்சி, கறிவேப்பிலைக் காம்பு, உடைந்த கண்ணாடிச் சில்லு, ஊறுகாய் பாட்டிலில் இருந்து உரிந்த லேபிள். எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் பம்ப்தான். முருங்கைக்காய் சக்கையும் தேங்காய் நாரும் இறக்கையைச் சுற்றிக்கொள்ளும். இவற்றை மட்டும் விரலால் உருவ வராது, டுவீசர் வேண்டும்.

ஃபில்டரை எடுத்தபின் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பாஷ், சீமென்ஸ் மாடல்களில் ஒரு பக்கமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி தெரியும். அதன் ஓரத்தில் ஸ்பூனின் காம்பைக் கொடுத்து நெம்பினால் கிளிக் என்று விடும். உட்பக்கமாகச் சாய்த்து மேலே எடுங்கள். சில மாடல்களில் இந்த மூடி ஸ்க்ரூவால் பிடிக்கப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் உள்ளே இருந்து பம்பை எட்டவே முடியாது, அடிப்பக்கத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். கையுறை இல்லாமல் விரலை விடாதீர்கள். கலங்கல் தண்ணீரில் கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாது.

மூடிக்குப் பின்னால் இருக்கும் இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு சுற்றாது. கொஞ்சம் சுற்றி நிற்கும், இன்னும் தள்ளினால் ஒரு வெட்டு வெட்டி அடுத்த இடத்துக்குத் தாவும். உள்ளே நிலைக்காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும். இதை அடைப்பு என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி இறக்கையை உடைத்துவிடாதீர்கள். துளியும் அசையாமல் இறுகியிருந்தால் இன்னும் ஏதோ சிக்கியிருக்கிறது. எந்த எதிர்ப்பும் இல்லாமல் லொடலொடவென்று சுற்றினால் இறக்கை தண்டிலிருந்து கழன்றுவிட்டது, பம்பை மாற்றத்தான் வேண்டும்.

சுத்தம் செய்தபின் மூடியைப் பழையபடி வைத்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். இந்தச் சத்தம் வராமல் விட்டால் மறுபடி இ25 வரும். ஃபில்டரையும் அதேபோல அம்புக்குறிகள் ஒன்றுக்கொன்று நேராக வரும்வரை திருப்பிப் பூட்டுங்கள்.

பக்கெட் சோதனை

ஃபில்டரும் பம்பும் சுத்தம், இன்னும் வடியவில்லை. இப்போது செய்ய வேண்டிய சோதனை இது ஒன்றுதான். சிங்க்கின் கீழே கழிவுக் குழாயில் டிஷ்வாஷர் ஹோஸ் சேரும் இடத்தில் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸின் முனையை மட்டும் கழற்றுங்கள். முனையைத் தரையில் விடாமல், ஸ்டூல்மேல் வைத்த பக்கெட்டுக்குள் விடுங்கள். தரைமட்டத்தில் வைத்தால் தண்ணீர் தானாகவே இறங்கி ஓடும். பம்ப் பலவீனமாக இருந்தாலும் நன்றாக வேலை செய்வதுபோலத் தோன்றும். மெஷினுக்குள் மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி, பிளக்கைச் செருகி, வடிக்கவிடுங்கள்.

பக்கெட்டில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து விழுந்தால் மெஷினில் ஒரு குறையும் இல்லை. அடைப்பு சிங்க்கின் பாட்டில் டிராப்பிலோ (சிங்க்கின் அடியில் பாட்டில் வடிவில் தொங்கும் கழிவுக் குழாய்ப் பகுதி) அதற்கு அப்பாலோ இருக்கிறது. சொட்டுச் சொட்டாகவோ மெல்லிய தாரையாகவோ வந்தால் ஹோஸ் அடைத்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது, இல்லையென்றால் பம்ப் பலவீனமாகியிருக்கிறது.

பாட்டில் டிராப்பின் அடிப்பாகத்தைக் கையால் திருகிக் கழற்றலாம், கீழே பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் நுழையும் முனையை விரல்விட்டுப் பாருங்கள். குழாயிலேயே குறுகலான இடம் அது; எண்ணெய் உறைந்து வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கும். மெஷின் புதிதாகப் பொருத்திய நாளிலிருந்தே வடியவில்லை என்றால் அந்த முனையின் உட்பக்கம் மூடியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். பல டிராப்களில் அந்த முனை அடைத்தே வரும், ஹோஸை மாட்டுமுன் வெட்டித் திறக்க வேண்டும். அமெரிக்காவில் சிங்க்கின் கீழே கார்பேஜ் டிஸ்போசல் (சாப்பாட்டு மிச்சத்தை அரைத்துத் தள்ளும் கருவி) வைத்திருக்கும் வீடுகளிலும் இதே கதைதான். டிஸ்போசலின் பக்கவாட்டு முனைக்குள் உள்ள பிளாஸ்டிக் அடைப்பானைத் தட்டி எடுக்காமல் ஹோஸை மாட்டிவிடுவார்கள். அங்கே சிங்க்குக்கு மேலே ஏர் கேப் (அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குத் திரும்பாமல் தடுக்கும் சின்னப் பாகம்) இருந்தால் அதன் மூடியையும் திறந்து சுத்தம் செய்யுங்கள்.

ஹோஸ்தான் பிரச்சினை என்றால் மெஷினை மெதுவாக முன்னால் இழுங்கள். சுவரோடு சேர்த்துத் தள்ளியதில் ஹோஸ் நசுங்கியிருப்பது சகஜம். உள்ளே அடைத்திருந்தால் வாயால் ஊதிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல மாடல்களில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு வால்வு உண்டு, நல்ல ஹோஸிலும் காற்று போகாது. இரு முனையும் கழற்றி, வெந்நீர் விட்டு அலசுவதுதான் வழி. நீளம் போதவில்லை என்று இன்னொரு ஹோஸை ஒட்டுப்போட்டால் ஒட்டுப்போட்ட இடத்தில் மறுபடி அடைக்கும்.

ஹோஸின் உயரம்

யுடிலிட்டி ஏரியாவில் மெஷினை வைத்து, ஹோஸைத் தரையில் உள்ள ஜாலிக்குள் செருகிவிடும் பழக்கம் நம் அபார்ட்மென்ட்களில் நிறைய. அது தவறு. மெஷின் தண்ணீர் பிடிக்கும்போதே தானாக இறங்கி ஓடிவிடும், பிடித்துக்கொண்டே இருக்கும். பல மாடல்களில் ஹோஸ் வெளியேறும் இடம் தரையிலிருந்து 40 செ.மீ.க்கு மேலும் ஒரு மீட்டருக்குக் கீழும் இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு உரிய அளவை மேனுவலில் பாருங்கள். சிங்க்கில் மாட்டியிருந்தால், ஹோஸ் ஒருமுறை மேடைக்கு அடியில் உயரே ஏறி வளைந்து பிறகு இறங்க வேண்டும்.

அந்த வளைவு இல்லையென்றால் சிங்க்கின் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் வரும். வடியாத தண்ணீர் என்று நாம் நினைப்பது சில சமயம் வந்த தண்ணீர்தான். சோதிப்பது சுலபம். மெஷினைக் காலி செய்து அணைத்துவிட்டு, சிங்க்கை அடைத்து நிறையத் தண்ணீர் பிடித்து ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். மெஷினின் அடியில் தண்ணீர் ஏறினால் பம்பைத் தொடவே வேண்டாம்.

செய்யக் கூடாதவை

டிரெயின் கிளீனர் பவுடரோ ஆசிட்டோ மெஷினுக்குள் வேண்டாம். ரப்பரை அரிக்கும், அடைப்பு விடாவிட்டால் அந்தத் தண்ணீரில்தான் அடுத்து யாராவது கைவிடப் போகிறார்கள். ப்ளீச் ஸ்டீலைக் கெடுக்கும். ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து ஊற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். நுரை வருவதைத் தவிர லேபிள் துண்டையோ மீன் முள்ளையோ அது ஒன்றும் செய்யாது.

பம்பிலிருந்து சத்தமே வராத மெஷினை மல்டிமீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் திறக்க வேண்டாம். 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும் சாதாரண டிரெயின் பம்பின் காயில் 100 முதல் 250 ஓம் வரை காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. புது பம்ப் ஆர்டர் செய்யும்போது மெஷினின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கதவின் ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒரே பெயரில் வரும் மாடல்களுக்குள்ளேயே பம்ப் மாறும்.

மறுபடி அடைக்காமல் இருக்க

பாத்திரத்தைக் கழுவிவிட்டு மெஷினில் போட வேண்டியதில்லை. வழித்துக் கொட்டிவிட்டுப் போட்டால் போதும். லேபிள் ஒட்டிய பாட்டிலை மட்டும் ஊறவைத்து உரித்த பிறகே வையுங்கள். ஃபில்டரை வாரம் ஒருமுறை குழாயடியில் காட்டி எடுக்கலாம். தினமும் மீன் வறுக்கும் வீடானால் இரண்டு முறை.

எப்போதும் 50 டிகிரி ஈகோ ப்ரோகிராமிலேயே ஓட்டும் வீடுகளில் ஹோஸில் கொழுப்பு படிவது அதிகம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவிலேயே உறைய ஆரம்பித்துவிடும், நெய்யும் கெட்டியாகும். பெங்களூரு, கோவை குளிருக்கு அது குழாயிலேயே தங்கிவிடும். வாரத்தில் ஒரு நாள் 65 அல்லது 70 டிகிரி ப்ரோகிராம் போடுங்கள். போர் தண்ணீர் உள்ள வீடுகளில், தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க மெஷினில் போடும் டிஷ்வாஷர் உப்பு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடினத் தண்ணீரின் உப்புக்கறை படிந்த இடத்தில்தான் எண்ணெயும் வந்து ஒட்டுகிறது.